குறைய வேண்டியது எந்த எண்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 32. பொள்ளாச்சி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. நான்கு வயதில் ஒரு மகள். ஒரு வருடமாக ஓயாத அசதி, முடி கொட்டுகிறது, எடையும் கூடிவிட்டது. டிஎஸ்எச் 14, ஆன்ட்டி டிபிஓ 600-க்கு மேல் என்று வந்தது. ‘ஹஷிமோட்டோ’ என்று சொல்லி 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் மாத்திரையைப் போட்டதும் காபி குடித்துவிட்டுச் சமையலைத் தொடங்குவேன். டிபனுக்குப் பிறகு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள். ஐந்து மாதமாக ஒருநாள்கூட விட்டதில்லை. ஆனாலும் டிஎஸ்எச் 8.6-ல் நிற்கிறது. ஆன்ட்டி டிபிஓ இறங்கவே இல்லை. கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் நோய் போய்விடும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். முட்டைக்கோஸ் பக்கமே போகாதே என்கிறார் மாமியார். அடுத்த குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். ஆயுள் முழுக்க மாத்திரைதானா? குழந்தையைப் பாதிக்குமா?
— ஒரு வாசகி

பதில்: நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய காபி வரியில்தான் என் கண் நின்றது. தைராக்ஸின் மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு போக வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபியும் கூடாது, டிபனும் கூடாது. காபி மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குடலிலேயே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஒருநாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள், அந்த ஒழுங்கைப் பாராட்டுகிறேன். ஆனால் 50 மைக்ரோகிராமில் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்பது சந்தேகம்தான்.

காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் ஒரு மணி நேரம் காபி குடிக்காதே என்று சொல்வது எளிது, நடப்பது கஷ்டம். அதனால் இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். ஏழரைக்குச் சாப்பிட்டால் பத்தரைக்குப் படுக்கும்போது போடலாம். கடைசிச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் போதும், ஆனால் நடுவில் பால் வேண்டாம். இரும்பையும் கால்சியத்தையும் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். மாத்திரை பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சூடும் ஈரமும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும்.

இப்படி ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு, தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் டிஎஸ்எச்சைப் பாருங்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும், அதனால் ஆறு வாரத்துக்கு முன் பார்ப்பதில் பயனில்லை. முடிக்காக பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்தால் மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், சில ஆய்வக முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அப்போதும் அளவு இறங்கவில்லையென்றால் உங்கள் டாக்டர் டோஸைக் கூட்டுவார். தைராய்டு சுரப்பி முழுதும் ஓய்ந்துபோன அறுபது கிலோ எடைக்காரருக்குத் தினமும் சுமார் 100 மைக்ரோகிராம் தேவைப்படும். டோஸ் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இனி உங்களை அலைக்கழிக்கும் அந்த 600. ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் நான்கு பெண்களின் தைராய்டைப் பரிசோதித்து, அதற்குள் வெள்ளை அணுக்கள் கும்பலாகக் குடியேறியிருப்பதை எழுதினார். உடலின் எதிர்ப்பாற்றலே சொந்தச் சுரப்பியைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் இது என்பது 1956-க்குப் பிறகுதான் தெளிவானது. ஆன்ட்டி டிபிஓ அந்தத் தாக்குதலின் அடையாளம். உங்கள் தைராய்டு ஏன் குறைந்தது என்பதை அது ஒருமுறை சொல்லிவிட்டது, அதோடு அதன் வேலை முடிந்தது. நீங்கள் சாப்பிடும் மாத்திரை அதோடு சண்டை போடுவதில்லை. சுரப்பி தர முடியாமல்போன ஹார்மோனை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். 600 என்பது 400 ஆனாலும் 900 ஆனாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்டாதீர்கள். குறைய வேண்டிய எண் டிஎஸ்எச்.

கோதுமை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் ஹஷிமோட்டோ உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அடிக்கடி வயிற்றுப்போக்கு, இரும்பு சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை இருந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஆனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே. நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். சீலியாக் இல்லையென்றால் சப்பாத்தியும் பாலும் உங்களுக்கு எதிரியல்ல. வேகவைத்த முட்டைக்கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம், மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். அயோடின் உப்பையும் மாற்ற வேண்டாம். கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், அதிக அயோடின் இந்த நோயைக் கிளறிவிடும்.

அசதி முழுவதையும் தைராய்டின் தலையில் கட்டிவிடாமல் ஹீமோகுளோபினும் பி12-ம் பார்த்துவிடுங்கள். எடையில் சில கிலோதான் தைராய்டால் வருவது.

ஆயுள் முழுக்கவா என்றால், பெரும்பாலும் ஆம். ஆனால் இது சுரப்பி சுரக்கும் அதே ஹார்மோன், அளவு சரியாக இருந்தால் பக்கவிளைவுக்கு இடமில்லை. குழந்தைக்கு ஆபத்து மாத்திரையால் அல்ல, மாத்திரை போதாததால். முதல் மூன்று மாதம் கருவுக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனை விட்டால் வேறு வழியில்லை. அது குறைந்தால் கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் டிஎஸ்எச் 2.5-க்குக் கீழே வரும்வரை பொறுங்கள், சில மாதங்களில் வந்துவிடும்.

நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை, அதாவது இரண்டு நாள் இரண்டிரண்டாக, என்று கூட்டுவது வழக்கம். இதை இப்போதே உங்கள் டாக்டரிடம் பேசி எழுதி வாங்கிவையுங்கள். பிறகு பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச். பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாத்திரையைத் தொடரலாம்.