பழைய புறநகரா, புது டவுன்ஷிப்பா?

சென்னையில் வீடு தேடும் நடுத்தரக் குடும்பத்தின் முன் கடைசியில் இரண்டு வகை வீடுகள்தான் நிற்கின்றன. ஒன்று, நங்கநல்லூர், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை, மேற்கு தாம்பரம் போன்ற வேரூன்றிய புறநகரில், ஒரு கிரவுண்டில் கட்டிய நாலைந்து வீட்டு அடுக்ககத்தில் ஒரு வீடு. மற்றது, ஓஎம்ஆரில் நாவலூர், சிறுசேரி பக்கமோ, ஜிஎஸ்டி சாலையில் ஊரப்பாக்கம் தாண்டியோ, பல ஏக்கரில் ஒரே நிறுவனம் திட்டமிட்டுக் கட்டும் டவுன்ஷிப்பில் ஒரு வீடு. ஒரே தொகைக்கு டவுன்ஷிப்பில் பெரும்பாலும் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் இருக்கும். புறநகரில் ரயில் நிலையம், பள்ளி, கோயில், மருந்துக் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும்.

இரண்டையும் எடைபோடும்போது வீட்டுக்குள் இருப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வாசலுக்கு வெளியே இருப்பதைப் பற்றி. தெருவும் சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் பூங்காவும் யாருடையவை, யார் செலவில் நடக்கின்றன? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற கணக்குகள் தானாக வரிசைக்கு வரும்.

திட்டமிட்ட குடியிருப்பு சென்னைக்குப் புதிதில்லை. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த அண்ணா நகர், வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கியது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் ஆகியவையும் வாரியத்தின் கைவேலைதான். ஆனால் அங்கே தெருவும் பூங்காவும் மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தன. சொத்து வரி கட்டுகிறவர் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலரிடம் போய் நிற்கலாம். இன்றைய டவுன்ஷிப்பில் மதிலுக்கு உள்ளே இருக்கும் சாலை, விளக்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தண்ணீர் எல்லாமே குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. அதற்குத்தான் மாதாமாதம் மெயின்டனன்ஸ். சொத்து வரியும் தனியாக உண்டு.

சதுர அடிக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் 4,800, ஆண்டுக்கு 57,600. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதக் கட்டணமும் 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். வங்கிக் கடன் ஒருநாள் முடியும். மெயின்டனன்ஸ் முடியாது. ஓய்வுபெற்ற பிறகு ஓய்வூதியம் இல்லாத ஒருவர் இதை எப்படிக் கட்டுவார் என்பதை வாங்கும் அன்றே யோசிக்க வேண்டும்.

விளம்பரப் படத்தில் பச்சையாகத் தெரியும் பூங்காவையும் ஒரு முறை விசாரியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டும்போது 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓஎஸ்ஆர் என்று சொல்வது இதைத்தான். அது ஊருக்குச் சொந்தமான இடம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அதையும் உங்களுக்கே உரிய வசதியாகக் கணக்குக் காட்டினால், அந்த விற்பனையாளர் சொல்லும் மற்றதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொது வசதி புறநகருக்கும் சும்மா வந்துவிடவில்லை. நங்கநல்லூரும் ஆதம்பாக்கமும் ஆலந்தூர் நகராட்சியில் இருந்தபோது, 1990களின் பிற்பகுதியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினார்கள். நாட்டின் பல நகராட்சிகள் பார்த்துப் படித்த திட்டம் அது. இன்று அங்கே வீடு வாங்குகிறவர் அந்த உழைப்பின் பலனையும் சேர்த்து வாங்குகிறார். அதே சமயம் எல்லாப் புறநகரிலும் இந்த நிலை இல்லை. தென்சென்னைப் புறநகரின் பல தெருக்களில் இன்றும் செப்டிக் டேங்க்தான், கழிவுநீர் லாரிதான். தெருவுக்குத் தெரு மாறும் விஷயம் இது. பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் அவசரப்படவே கூடாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தபோது, ஓஎம்ஆரின் அடுக்ககங்கள் முழுக்க லாரியை நம்பியே நாளை ஓட்டின. அந்தச் சாலையின் வடபகுதி 2011-இலேயே மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆனாலும் குழாய் நீர் எல்லா இடத்துக்கும் உடனே வந்துவிடவில்லை. செம்மஞ்சேரியைத் தாண்டினால் நாவலூர், தாழம்பூர், கேளம்பாக்கம் எல்லாம் மாநகராட்சி எல்லைக்கே வெளியே. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீர் குடிநீராகிறது; 2024-இல் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள இன்னொரு நிலையமும் திறந்தார்கள். நிலையம் அருகில் இருப்பதால் மட்டும் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. இணைப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டவுன்ஷிப் வாங்குவதென்றால் சங்கத்திடம் போன ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் லாரித் தண்ணீர்ச் செலவைக் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் ஓடுகிறதா, அந்த நீர் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் போகிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஐந்நூறு வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் நின்றால் அதைச் சமாளிப்பது பெரிய வேலை. நாலைந்து வீட்டு அடுக்ககத்தில் ஒரு கிணறு, ஒரு போர், மெட்ரோ வாட்டரோ நகராட்சித் தண்ணீரோ என்று இரண்டு மூன்று வழிகள் இருக்கும். அங்கேயும் போர் எத்தனை அடி, கோடையில் உப்பு ஏறுகிறதா, மழைநீர் சேகரிப்புக் குழி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 2003-இலிருந்து அது கட்டாயம் என்றாலும் பல வீடுகளில் குழி தூர்ந்து கிடக்கிறது.

வெள்ளத்தில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் பழைய தெருவும் மூழ்கியது, புது அடுக்ககத்தின் தரைத்தளமும் மூழ்கியது. டவுன்ஷிப்பில் தரையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், உள்ளே நீர் நிற்காது. ஆனால் அதற்குப் போகும் சாலை இரண்டு நாள் நீரில் கிடந்தால், கர்ப்பிணியோ முதியவரோ இருக்கும் வீட்டுக்கு அந்த உயரம் போதாது. நவம்பரில் போய்ப் பாருங்கள். விற்பவரைவிட, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரும் பால் போடுகிறவரும் தண்ணீர் எதுவரை வந்தது என்று சரியாகச் சொல்வார்கள்.

இனி நிலம். அடுக்ககத்தில் கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும். மதிப்பு ஏறுவது யுடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்குக்குத்தான். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. தளப்பரப்பு விகிதம் 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். ஆக 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 500 சதுர அடி நிலம் வரும். 1.5 மட்டுமே அனுமதித்த காலத்துக் கட்டடத்தில் அதைவிடவும் கூடுதலாக இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு விகிதம் 3.25, அங்கே அதே வீட்டுக்கு 300 சதுர அடி தேறும். பணம் கட்டிக் கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி வாங்கியிருந்தால் 200 வரை இறங்கும். ஆகவே சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடாமல், பத்திரத்தில் எத்தனை சதுர அடி நிலம் எழுதித் தருகிறார்கள், அந்த ஊரில் நிலம் என்ன விலை என்று பெருக்கிப் பாருங்கள். 2022-இல் இயற்றி 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஐந்து பேரை ஒரு மேசைக்குக் கொண்டுவருவது எளிதா, ஆயிரம் பேரையா? இந்த இடத்தில் பழைய புறநகர் தெளிவாக முந்துகிறது.

பத்திரத்தில் நிலைமை தலைகீழ். பழைய புறநகரில் தாய்ப்பத்திரம் காணாமல் போயிருக்கும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பாதியில் நின்றிருக்கும், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அனுமதித்த வரைபடத்தில் இல்லாத ஒரு தளம் மேலே எழும்பியிருக்கும். குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் அனுமதி வரைபடமும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டடம் முப்பது ஆண்டைத் தொட்டுவிட்டால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு உட்பட்டோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்ட் என்பது 223 சதுர மீட்டர்தான். ஆகவே குரோம்பேட்டையில் புதிதாக எழும் நாலு வீட்டுக் கட்டடம் இந்தப் பதிவுக்கு வெளியேதான் நிற்கும்.

டவுன்ஷிப்புக்கு ரெரா பெரிய அரண். வாங்குவோரிடம் வசூலிக்கும் தொகையில் 70 சதவீதம் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறை ஐந்தாண்டுக்குள் தெரிந்தால் கட்டியவர் செலவில் சரிசெய்ய வேண்டும். சொன்ன தேதியில் தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பெரிய திட்டங்கள் கட்டம் கட்டமாகப் பதிவாகின்றன. நீங்கள் வாங்குவது முதல் கட்டமாகவும், படத்தில் காட்டிய பள்ளியும் கிளப் ஹவுஸும் மூன்றாம் கட்டமாகவும் இருக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே உங்களுடையது. அடுத்த கட்டத்தை நிறுவனம் விற்றுக்கொண்டிருக்கும் வரை, உங்கள் வீட்டை விற்கப் போனால் புது வீட்டோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

பதிவுச் செலவையும் போட்டுப் பார்ப்போம். 70 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 6 லட்சத்து 30 ஆயிரம். 2023 டிசம்பரில் வந்த முறைப்படி, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரையுள்ள புது அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு 5-உம் 2-உமாக 7 சதவீதம். 4 லட்சத்து 90 ஆயிரம். கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டியாக மூன்றரை லட்சம் சேரும். பணி நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. டவுன்ஷிப்பில் முடிந்த வீட்டை வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

போக்குவரத்துக்கு ஒரே விதி: இன்று ஓடுவதை மட்டும் நம்புங்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் மெட்ரோ பணி நடக்கிறது. அது ஓடத் தொடங்கும் வரை விலையில் சேர்க்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் டவுன்ஷிப் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டி வராத உள்சாலையில் பிள்ளைகள் இருட்டும் வரை விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பழைய புறநகரில் நடைபாதையே இல்லாத தெருக்கள் ஏராளம். பல பழைய அடுக்ககங்களில் லிஃப்ட் இல்லை. மூட்டுவலிக்காரர் இரண்டாம் மாடியில் சிறைப்பட்டுப் போகிறார். வேலை சிறுசேரியிலும் வீடு நங்கநல்லூரிலும் இருந்தால் வாழ்நாள் சாலையில் கரையும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு மதிலும் காவலரும் பக்கத்து வீட்டுத் தோழர்களும் பெரிய ஆறுதல்.

என் முடிவு இது. வாழ்நாளில் ஒரே வீடுதான் வாங்க முடியும், பெற்றோர் கூட இருக்கிறார்கள், வருமானம் நிலையில்லை என்றால் பழைய புறநகரில் சிறிய வீடாக இருந்தாலும் அதை வாங்குங்கள். லிஃப்ட் இருக்க வேண்டும், பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். இருவர் வேலையும் ஓஎம்ஆரில்தான், பிள்ளைகள் சின்னவர்கள், மெயின்டனன்ஸ் சுமையாகாது என்றால் டவுன்ஷிப் போகலாம். ஆனால் கட்டி முடித்து, மக்கள் குடியேறி, சங்கத்திடம் ஒப்படைத்த டவுன்ஷிப்பாகப் பாருங்கள். பராமரிப்புக்கென்று வாங்குவோரிடம் முன்கூட்டியே வசூலித்த கார்பஸ் நிதி சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்கள், விரும்பிய இடத்திலேயே முதலில் வாடகைக்குப் போங்கள். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை மார்ச்சில் தொடங்கினால், ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் வந்துவிடும்.