தளர்வாகப் பிடிக்கும் ரப்பர்

பழைய கார் ஒன்றில் ஏறி அமர்ந்ததுண்டா? எஞ்சினை இயக்கியதும் இருக்கை, கதவு, கண்ணாடி எல்லாம் நடுங்கும். ‘வண்டிக்கு வயதாகிவிட்டது’ என்பார்கள் பெரியவர்கள். பல வேளைகளில் வயதானது வண்டி அன்று. கியர்பெட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் உள்ளங்கையளவு ரப்பர் துண்டுதான். பட்டறைகளில் இதை ‘மவுண்டிங்’ என்பார்கள்.

என் நண்பரின் பழைய காரில் இந்த ரப்பர் கிழிந்துபோயிற்று. பழுது பார்த்தவர் அதன் இடத்தில் இரும்புத் துண்டு ஒன்றைக் கடைந்து பொருத்தினார். “இனிமேல் தேயவே தேயாது, சார்” என்றார். அவர் சொன்னது மெய்தான். ஆனால் வண்டி முன்னிலும் மோசமாக அதிர்ந்தது! வலிமையான இரும்பு தோற்ற இடத்தில் மெத்தென்ற ரப்பர் வெல்வது எப்படி?

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

நான்கு உருளைகள் கொண்ட சாதாரண பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் எரிகிறது. ஆகவே நான்கு உருளைகளிலும் சேர்த்து ஒரு சுற்றுக்கு இரண்டு உந்துதல்கள். வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 750 முறை சுற்றுவதாகக் கொண்டால், நிமிடத்துக்கு 1500 உந்துதல்கள். அதாவது நொடிக்கு 25. பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டமும் இதே வேகத்தில் எஞ்சினை உலுக்குகிறது.

முற்காலக் கார்கள் பலவற்றில் எஞ்சின், சட்டத்தோடு இறுக முடுக்கப்பட்டிருந்தது. அதிர்வு முழுவதும் பயணிகளைச் சேர்ந்தது. 1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் ஒரு புது ஏற்பாட்டைச் செய்தது. முன்புறம் உயரத்தில் ஒன்று, பின்புறம் கியர்பெட்டிக்கு அடியில் ஒன்று என இரண்டு ரப்பர் தாங்கிகள். அவற்றை இணைக்கும் கோடு எஞ்சினின் ஈர்ப்பு மையம் வழியே செல்லுமாறு அமைத்தார்கள். ‘மிதக்கும் ஆற்றல்’ என்பது இதற்கு இட்ட பெயர். பிரான்சின் சிட்ரோயன் நிறுவனமும் உரிமம் பெற்று இம்முறையைக் கையாண்டது.

நீங்களே செய்து பாருங்கள்

ரப்பர் வளையங்கள் நான்கைந்தைத் தொடராக முடிந்து, முனையில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேல்முனையைப் பிடித்த கையை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். பூட்டும் கூடவே வரும். வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் பூட்டு துள்ளிக் குதிக்கும். இதுவே ஒத்ததிர்வு. இன்னும் வேகமாக அசையுங்கள். என்ன வியப்பு! கை படபடக்கிறது, பூட்டோ ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அதிர்வு ரப்பரைக் கடக்கவில்லை.

இதைக் கணக்காகவும் காணலாம். எஞ்சினின் எடையால் ரப்பர் 4 மி.மீ. அமுங்குவதாகக் கொள்வோம். அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 8. எஞ்சினின் உந்துதலோ 25. விகிதம் சுமார் 3.1. இதை வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, தலைகீழாக்குங்கள். விடை ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வளவுதான் சட்டத்தைச் சேரும். ரப்பர் இறுகி அதன் விறைப்பு நான்கு மடங்கானால் இயல்பு அதிர்வெண் இரு மடங்காகி 16 ஆகும். இப்போது பத்தில் ஏழு பங்கு கடந்துவிடும்! இயல்பு அதிர்வெண் 25ஐ நெருங்கினால் ஒத்ததிர்வு. இரும்பு வைத்தாலோ அநேகமாக முழு அதிர்வும் கடந்துவிடும். நண்பரின் காருக்கு நேர்ந்தது இதுவே.

ரப்பர் ஏன் மூப்படைகிறது?

கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரில் நீண்ட மூலக்கூறு இழைகள் ஆங்காங்கே பிணைந்திருக்கும். எஞ்சினின் வெப்பமும் காற்றின் ஆக்சிஜனும் நாளடைவில் இப்பிணைப்புகளைப் பெருக்கும், ரப்பர் இறுகும். இழுபட்ட நிலையிலுள்ள பரப்பை ஓசோன் வெடிக்கச் செய்யும். எண்ணெய் ஒழுகிப் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி இளகும். பழைய கார்களுக்காகக் கடை அலமாரியில் பல்லாண்டு கிடந்த ‘புதிய’ மவுண்டிங்கும் இப்படி மூப்படைந்திருக்கலாம். வாங்குமுன் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஓரங்களை லேசாக வளைத்து வெடிப்பு உண்டா என்று கவனியுங்கள்.

மாற்றுவது எப்படி?

இது தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் அருகில் நின்று கவனியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். முதலில் கியர்பெட்டிக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்குவார்கள். பலகை, பளுவைப் பரவச் செய்கிறது. பிறகு பழைய மவுண்டிங்கைக் கழற்றத் தேவையான அளவே உயர்த்துவார்கள். மிகையாக உயர்த்தினால் முன்புற மவுண்டிங் இழுபடும். விசிறி ரேடியேட்டரில் இடிக்கவும் கூடும்.

புதியதை வைத்ததும் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகுவார்கள். ஜாக்கியை இறக்கி, எடை முழுவதும் ரப்பரில் அமர்ந்த பிறகே இறுக முடுக்குவார்கள். ஏன் தெரியுமா? முன்னதாகவே முடுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். இழுபட்ட ரப்பரை ஓசோன் என்ன செய்யும் என்று மேலே படித்தீர்கள் அல்லவா?

என் நண்பரும் இறுதியில் இரும்பை அகற்றிவிட்டு ரப்பரையே வைத்தார். நடுக்கம் அடங்கியது. அந்த ரப்பரும் ஒருநாள் தேயும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதிர்வைத் தான் ஏற்று, வண்டியைக் காப்பதுதானே அதன் வேலை!