ரோமானியக் காசு வாங்கப் போகிறீர்களா?

பேரரசர் கான்ஸ்டன்டைன் (கி.பி. 306-337) கால வெண்கலக் காசுகளில் தொடங்குங்கள். ஏராளமாக அடித்ததால் விலை குறைவு. மேலே படிந்திருக்கும் பச்சை, பழுப்புப் படலத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. அது குத்துவிளக்கல்ல, படலம் போனால் மதிப்பும் போச்சு!

விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் வார்ப்புப் போலியோ எனச் சந்தேகியுங்கள். அசல், அச்சால் அடித்தது. தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு என்றால் எடை போடுங்கள். பேரரசர் அகஸ்டஸ் காலத்தது 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பின்வந்த பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் எடை, வெள்ளி இரண்டையும் குறைத்துவிட்டார். வாங்கிய காசைப் பி.வி.சி. உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு ஏறும்.

கரூர் ஆற்று மணலில் கிடைத்ததென்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.