பரங்கிமலையை வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நீர்வண்ணப் படம் மூன்று நாளாக என் மேசைமேல் இருக்கிறது. கை நன்றாகப் படிந்துவிட்டது. வானத்தில் ஈரம் காயுமுன் அடுத்த வண்ணத்தை இறக்கிய இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆனாலும் அது பரங்கிமலை இல்லை. செல்போன் படத்தைப் பார்த்து அம்பத்தூரில் உட்கார்ந்தே வரைந்திருக்கிறாய். மாதா கோயிலின் சுவர்கள் இரண்டும் மேலே போகப் போக உள்ளே சாய்கின்றன. அது கேமராவின் கண், உன் கண் அல்ல. படிக்கட்டுக் கைப்பிடியைக் காணோம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் இல்லை, ஒரு ஆள்கூட இல்லை. பழமையாகத் தெரியட்டும் என்று துடைத்திருக்கிறாய். துடைத்ததில் மலையின் உயிரும் போய்விட்டது.

பூந்தமல்லிக்காரனான எனக்கு அந்த மலை ஒரு சாலையின் பெயராகத்தான் முதலில் பழக்கம். மவுன்ட் பூந்தமல்லி ரோடு. ஐயப்பன்தாங்கல், போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம் என்று பல வருஷம் அதில் போய் வந்தும், மேலே ஏறியது பிந்தித்தான். ஏறுமுன் வரைந்த படங்களை இன்று யாருக்கும் காட்டுவதில்லை.

மேலே போனதும் பீடத்தின் பின்சுவரிலுள்ள கல்சிலுவை முன் நில். 1547இல் போர்ச்சுகீசியர் கட்டடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்தது. வயது எட்டாம் நூற்றாண்டையொட்டி இருக்கலாம் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். 1558 முதல் 1704 வரை அது பலமுறை ரத்தம் கசிந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. நீ வடிவத்தைப் பார். சிலுவையின் முனைகள் மொட்டாக முடிகின்றன. மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. இரு பக்கத் தூண்களின்மேல் மகரம் போன்ற மிருகங்கள். நம் கோயில் திருவாசியில் நீ எத்தனையோ தடவை பார்த்தவை. அவற்றைச் சுற்றி வளைவில் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. கடல் தாண்டி வந்த வழிபாடும் இந்த மண்ணின் சிற்ப மரபும் ஒரே கல்லில்!

'நான் கிறிஸ்தவன் இல்லையே, வரையலாமா?' என்று கேட்டிருந்தாய். சோழமண்டலக் கலைஞர் கிராமத்துச் சிற்பி பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து உருவாக்கிய கிறிஸ்துவைப் போய்ப் பார். தயக்கம் தானாகப் போய்விடும். இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 72இல் இந்தக் குன்றில்தான் உயிர்விட்டார் என்பது மரபு. அதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் வாதாடட்டும். உன் தூரிகை அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உனக்கு வேலை படிகளில் இருக்கிறது. 130க்கு மேற்பட்ட படிகள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றைக் கட்டுவித்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பழைய பாலம் கட்டியவரும் அவரே. வழியில் சிலுவைப்பாதை நிலைகள் பதினான்கு. ஒவ்வொன்றிலும் நின்று, செபம் சொல்லி, புடவைத் தலைப்பால் முகம் துடைத்து ஏறும் பெண்களை வரை. புனிதத்தலம் என்றால் அந்த மூச்சிரைப்பும்தான். கைப்பிடியை எதற்காக எடுத்தாய்? அதைப் பிடித்துக்கொண்டுதானே ஏறுகிறார்கள்.

தொழில் விஷயம் ஒன்று. வெள்ளைச் சுவருக்கு வெள்ளை வண்ணம் பூசாதே. தாளை அப்படியே விடு. நிழலுக்கு டியூபிலிருக்கும் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்தால் பாறையின் சாம்பல் நிறம் கிடைக்கும். நீர் கூட்டினால் அதே கலவை சுவர் நிழலுக்கும் ஆகும். வெயில் ஏறிவிட்டால் சுவர் கண்ணைக் கூச வைக்கும், நிழல் எதுவும் நிற்காது. அதனால் விடிகிற நேரத்தில் போ.

மலைமாதா திருவிழா டிசம்பர் 18. அதற்கு முன் ஒரு ஞாயிறு விடியற்காலை வா. போரூர் சந்திப்பில் ஐந்தரை மணிக்கு நிற்கிறேன். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, தாளும் பலகையும் மட்டும் கொண்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்