மின்சாரத்துக்கு ஒரு வழிப் பாதை: டையோடு பற்றித் தெரிந்துகொள்வோம்



கொடைரோடு பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மல்லிகைப் பூ எடுக்கப் போகும் அக்கா ஒருவர் தன் சோலார் விளக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "பகல் பூரா வெயில்லதான் கெடக்கு மேடம். விடியக்காலம் பூ எடுக்கப் போனா எரிய மாட்டேங்குது. பாம்பு பூச்சி கெடக்குற தோட்டம். புதுசு வாங்கக் கடன் குடுங்க" என்றார்.

ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி பேனல் வயரைக் கழட்டி வைப்பீங்களாக்கா?"

"இல்லையே, அப்படியே மாட்டித்தான் இருக்கும்."

அன்று இரவு கழற்றி வைக்கச் சொன்னோம். விடியற்காலையில் விளக்கு எரிந்தது! பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது உள்ளே இருந்த டையோடு. கடையில் சில ரூபாயில் மாற்றிவிட்டார்கள். கடனும் மிச்சம்.

டையோடு என்ன செய்கிறது?

சைக்கிள் டியூப் வால்வைப் பாருங்கள். காற்று உள்ளே போகும், திரும்பி வராது. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வும் அப்படித்தான். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வுதான் டையோடு.

பகலில் பேனலிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் போகிறது. இரவில் பேனலில் மின்சாரம் இல்லை. அப்போது பேட்டரியில் சேர்த்தது பேனல் வழியாகத் திரும்பிக் கசியும். அதைத் தடுப்பதே டையோடின் வேலை. நாம் சேமித்த பணம் கசியாமல் கணக்குப் புத்தகம் காப்பது போல!

எப்படித் தடுக்கிறது?

மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கானில்தான் பெரும்பாலும் டையோடு செய்கிறார்கள். ஒரு பக்கம் சிறிது பாஸ்பரஸ் சேர்த்தால் அங்கே எலக்ட்ரான்கள் கூடுதலாக இருக்கும். மறுபக்கம் போரான் சேர்த்தால் எலக்ட்ரானுக்கான காலி இடங்கள் இருக்கும். ஒரு பக்கம் நிற்கும் ஆட்கள், மறுபக்கம் காலி சீட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேரும் எல்லையில் பக்கத்தில் நிற்பவர்கள் உட்கார்ந்துவிட, நடுவில் ஒரு தடுப்பு உண்டாகிறது.

காலி இடப் பக்கம் பிளஸ், எலக்ட்ரான் பக்கம் மைனஸ் கொடுத்தால், சுமார் 0.7 வோல்ட்டில் தடுப்பு விலகி மின்சாரம் பாயும். மாற்றிக் கொடுத்தால் தடுப்பு இன்னும் அகலமாகிறது. மின்சாரம் போகாது.

வேறு எங்கே இருக்கிறது?

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வரும். செல்போனுக்கு ஒரே திசை மின்சாரம் வேண்டும். சார்ஜருக்குள் 4 டையோடு சேர்ந்து இரண்டு போக்கையும் ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. பூ எடுக்கும்போது தலையில் கட்டும் எல்.இ.டி. விளக்கும் ஒளி தரும் டையோடுதான். அதனால்தான் செல்லைத் தலைகீழாகப் போட்டால் எரிவதில்லை.

இந்த வகைப் பொருளுக்கு முதலில் காப்புரிமை பெற்றவர்களில் நம் ஜகதீஷ் சந்திர போஸும் ஒருவர். கலேனா என்ற ஈயத் தாதுவைப் பயன்படுத்திய அவரது கருவிக்கு 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது.

எப்படிச் சோதிப்பது?

சாதாரண டையோடில் கோடு போட்ட முனைதான் மைனஸ் பக்கம். மல்டிமீட்டரை டையோடு குறியில் வைத்து, கழற்றிய டையோடை இரண்டு விதமாகவும் தொட்டுப் பாருங்கள். ஒரு விதத்தில் மட்டும் 0.5 முதல் 0.7 வரை காட்டினால் நல்லது. இரண்டு விதத்திலும் 'பீப்' சத்தம் வந்தாலோ, இரண்டிலுமே ஒன்றும் காட்டாவிட்டாலோ கெட்டுவிட்டது.

கவனம்! கரண்டில் மாட்டும் சார்ஜரை வீட்டில் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருந்து ஷாக் அடிக்கும்.

"நமக்கெல்லாம் இது புரியுமா?" என்று கேட்கிறீர்களா? ராஜஸ்தான் மாநிலம் திலோனியாவில் 1972-ல் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரியில், அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்கள் நிறங்களையும் அடையாளங்களையும் வைத்தே சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெண்களும் அங்கே வந்து படித்திருக்கிறார்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் எரியாத சோலார் விளக்கு மூலையில் கிடக்கிறது?
2. அதில் எத்தனை, பேனல் வயரைக் கழற்றி வைத்தால் எரிகிறது?
3. குழுவுக்குப் பொதுவாக ஒரு மல்டிமீட்டர் வாங்கலாமா?