கூண்டிலிருந்து புறக்கடைக்கு: கழித்த முட்டைக்கோழிகளைப் பழக்கும் முறை

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் கூண்டுமுறையில் வளர்க்கப்படும் முட்டைக்கோழிகள் ஏறத்தாழ 72 முதல் 80 வார வயதிலும், சில பண்ணைகளில் அதற்குப் பிந்தியும் கழிக்கப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை இறைச்சிக்கே செல்கின்றன. ஆயினும், "இன்னும் முட்டையிடும் கோழிதானே" என்று ஐந்து, பத்து வாங்கிப் புறக்கடையில் விடும் குடும்பங்களும் உண்டு. பிரிட்டனில் இத்தகைய கோழிகளைப் பெற்று வீடுகளுக்கு அளிக்கத் தொண்டு அமைப்புகளே உள்ளன. ஆனால் வாங்கிய ஒரு வாரத்துக்குள் பல கோழிகள் மடிந்துபோவதும் உண்டு. கூண்டுக் கோழியை நாட்டுக்கோழியைப் போல நடத்துவதே இதற்கு முக்கியக் காரணம்.

கூண்டுக் கோழியின் உடல்நிலை

கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் 450 சதுர சென்டிமீட்டர் அளவே. இது ஒரு முழுத்தாளின் பரப்பைவிடக் குறைவு. அங்கே அது நடந்ததில்லை, மண்ணைக் கிளறியதில்லை, பரணில் ஏறியதில்லை. ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து தேவை. தீவனத்தில் கிடைப்பது போதாதபோது எலும்பிலிருந்து இது எடுத்துக்கொள்ளப்படுகிறது. எனவே வயது முதிர்ந்த கோழியின் எலும்புகள் எளிதில் முறியும் நிலையில் இருக்கும். அலகு வெட்டப்பட்டிருப்பதால் தரையில் சிதறிய தானியத்தைப் பொறுக்குவதும் கடினம்.

வாங்கும்போது

கண் தெளிவாகவும், மூக்கில் சளியின்றியும், நிற்கக்கூடியதாகவும் உள்ள கோழிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். இறகு உதிர்ந்திருப்பதும், கொண்டை வெளுத்துச் சாய்ந்திருப்பதும் கூண்டு வாழ்க்கையால் வரக்கூடியவை. இவற்றுக்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. கடைசியாக இராணிக்கெட் தடுப்பூசி போட்ட நாளையும், அண்மையில் மருந்து ஏதும் கொடுக்கப்பட்டதா என்பதையும் பண்ணையாளரிடம் கேட்டறிய வேண்டும். காலையோ இறக்கையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. இரு கைகளாலும் உடலை அணைத்துத் தூக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பின்போ, அதிகாலையிலோ கொண்டுவருவது நல்லது.

முதல் பத்து நாட்கள்

கோழிகளின் நிலை இந்தப் பத்து நாட்களில்தான் முடிவாகிறது. பத்துக் கோழிகளுக்கு 6 அடி நீளம், 5 அடி அகலமுள்ள காற்றோட்டமான கொட்டகை போதும். தரையில் நெல் உமி அல்லது கடலைத்தோலை 3 அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். முதல் நாள் சற்று வெல்லம் கரைத்த நீர் கொடுக்கலாம். குழாய் முனையைக் கொத்தியே நீர் குடித்துப் பழகிய கோழிக்குத் திறந்த பாத்திரம் புதிது. எனவே ஒவ்வொரு கோழியின் அலகு நுனியையும் நீரில் ஒருமுறை நனைத்துக் காட்ட வேண்டும். தண்ணீர் குடிக்கத் தெரியாமலேயே கோழி மடிய நேரிடலாம்.

பரண் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் இருக்கலாகாது. உயரத்திலிருந்து குதித்தால் மார்பெலும்பும் காலும் முறியும். நகம் நீண்டு வளைந்திருந்தால் நுனியை மட்டும் வெட்டிவிடலாம்.

தீவனம்

வந்தவுடன் அரிசிக் குருணைக்கு மாற்றுவது பெருந்தவறு. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை சுண்ணாம்புச்சத்து உண்டு. குருணையில் அது மிகமிகக் குறைவு. இதனால் முட்டையிடும் கோழி கால் முடங்கிப் படுத்துவிடும். பண்ணையில் உண்ட அதே தூள் தீவனத்தை ஆழமான தட்டில், நாளொன்றுக்குக் கோழிக்கு 110 கிராம் வீதம் கொடுக்க வேண்டும். தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வைத்தால் கோழி தன் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து, பொடியாக நறுக்கிய அகத்தி, முருங்கைக் கீரையைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

வெளியில் விடுதல்

பத்து நாட்களுக்குப் பின் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும், ஆள் காவலுடன் விட வேண்டும். நாட்டுக்கோழி பருந்தைக் கண்டால் புதரில் ஒளியும். கூண்டில் வளர்ந்த கோழிக்கு அது தெரியாது. வெள்ளை இறகும் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். நாய், கீரி, பூனையும் எளிதில் பிடித்துவிடும். இறகில்லாத உடல் கடும் வெயிலையும் மழையையும் தாங்காது. ஒரு மூலையில் மணலும் ஆறிய சாம்பலும் கலந்து வைத்தால், கோழிகள் அதில் புரண்டு செள்ளு, பேன் தொல்லையைக் குறைத்துக்கொள்ளும்.

நோய்த் தடுப்பு

வீட்டில் நாட்டுக்கோழிகள் இருந்தால், புதிய கோழிகளை மூன்று வாரங்கள் தனியே வைக்க வேண்டும். வெளிப்பார்வைக்கு நலமான கோழியும் சளி நோய்க் கிருமியைச் சுமந்து வரலாம். அதுபோல, மண்ணில் திரியாத இக்கோழிகளுக்குக் குடற்புழுக்களையும் இரத்தக் கழிச்சலையும் தாங்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு. ஒரு மாதத்தில் குடற்புழு நீக்கம் செய்து, இராணிக்கெட் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி தொடர வேண்டும். மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அவர் கூறும் நாள் வரை முட்டையை உண்ணலாகாது. நாட்டுக்கோழிகளுடன் சேர்க்கும்போது, முதலில் கம்பி வலைக்கு இருபுறமும் சில நாட்கள் பழகவிட்டால் கொத்துச் சண்டை குறையும்.

முட்டைக் கணக்கு

பண்ணையில் விளக்கு வைத்து 16 மணி நேரம் வரை வெளிச்சம் தரப்படுகிறது. வீட்டில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 12 மணி நேரமே. வெளிச்சம் குறைவதாலும் இடமாற்றத்தாலும் கோழி இறகு உதிர்த்து, சுமார் இரண்டு மாதம் முட்டையை நிறுத்தக்கூடும். இது நோயன்று. அப்போது தீவனத்தைக் குறைக்கவும் கூடாது. மீண்டும் தொடங்கியபின் வாரத்துக்கு நான்கு முட்டை கிடைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 17 ஆகும். அதற்குத் தீவனம் 3.3 கிலோ. முட்டையில்லா இரண்டு மாதத் தீவனம் 6.6 கிலோவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே வாங்குவது பற்றி முடிவெடுக்க வேண்டும். இக்கோழிகள் அடைகாப்பதும் அரிது.

ஆதாயமே நோக்கமானால் கிராமப்பிரியா, வனராஜா போன்ற புறக்கடை இனக் குஞ்சுகளை வாங்குவதே ஏற்றது. வீட்டுத் தேவைக்கு முட்டையும், இதுவரை நமக்கு உழைத்த கோழிக்கு இன்னும் சிறிது வாழ்நாளும் கிடைத்தால் போதும் என்பவர்கள் கழித்த கோழிகளை வளர்க்கலாம். முதல் முறை ஐந்து கோழிகளுக்கு மேல் வாங்க வேண்டாம். அந்த ஐந்தையும் பத்து நாள் காப்பாற்றியவர்கள் அடுத்த முறை கூடுதலாக வாங்கலாம்.