பதறாத காரியம் சிதறாது

இரவு மணி பன்னிரண்டு. ஆறாம் படிவ மாணவி ஒருத்தியின் மேசையில் நான்கு பாடங்களின் குறிப்பேடுகள் திறந்து கிடக்கின்றன. ஒரே பக்கத்தை மூன்றாவது முறையாகப் படிக்கிறாள்; மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. “இவ்வளவையும் எப்போது படித்து முடிப்பேன்?” என்ற எண்ணம் அவளை வாட்டுகிறது. அவளிடம் உழைப்புக்குக் குறைவில்லை, திட்டம்தான் இல்லை.

மலேசியாவில் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் வாயில்களுள் எஸ்.டி.பி.எம். தேர்வும் ஒன்று. முன்பு ஆறாம் படிவப் பாடங்கள் முழுவதும் இறுதியில் ஒரே முறையில் சோதிக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டு தொடங்கி அத்தேர்வு மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் இரு தவணைகளில் எதிர்பார்த்த புள்ளி கிடைக்காவிட்டால், மறுதேர்வு எழுதவும் வாய்ப்பு உண்டு. தேர்வே பகுதி பகுதியாக நடைபெறும்போது, நம் ஆயத்தத்தையும் வாரமாகவும் நாளாகவும் பிரித்துக்கொள்வதுதானே முறை?

“இன்று வேதியியல் படிப்பேன்” என்பது திட்டமாகாது. “மாலை 5.00 முதல் 5.40 வரை வேதிப்பிணைப்பு பற்றிய ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுவேன்” என்பதே திட்டம். முடித்த வேலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும்போது மனச்சுமை குறையும். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதில் எதையும் திட்டமிடாமல் விட்டுவையுங்கள். விடுபட்டவற்றை அன்று படித்துக்கொள்ளலாம்.

படித்தது மறந்துபோகிறதே என்று கலங்க வேண்டாம். மறதி அனைவருக்கும் பொது. செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்கௌஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1885இல் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். கற்றவை தொடக்கத்தில் விரைவாக மறக்கின்றன என்றும், ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடச் சில நாள்களில் பிரித்துப் படிப்பதே பயன் தரும் என்றும் அவர் கண்டறிந்தார். எனவே, இன்று படித்ததை நாளையும், அடுத்த வாரமும் மீள்பார்வை செய்யுங்கள். அப்போது நூலை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதிப் பாருங்கள். எழுத வராத இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

கண்விழித்துப் படிப்பதைப் பலர் பெருமையாகக் கருதுகின்றனர். உண்மையில், பகலில் கற்றதை மூளை உறக்கத்தின்போதுதான் நிலைப்படுத்துகிறது. பதின்ம வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றது.

விளையாட்டையும் கழக நடவடிக்கைகளையும் வீண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்போது, தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வி அடைவுநிலைக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியவை. மாலையில் ஆடும் பூப்பந்து உடலுக்கும் நல்லது, விண்ணப்பத்திற்கும் நல்லது.

இவ்வளவு செய்தும் கலக்கம் தீரவில்லையா? உணவு இறங்காமலும் உறக்கம் வராமலும் பல நாள்கள் கழிகின்றனவா? அதை மனத்திற்குள் பூட்டி வைக்காதீர்கள். பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். உதவி கேட்பது பலவீனம் ஆகாது. பெற்றோரும் தம் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், “இன்று என்ன புரிந்தது?” என்று கேட்டால் அதுவே பேருதவியாகும்.

அந்த மாணவி இப்போது மூன்று குறிப்பேடுகளை மூடி வைக்கிறாள். நாளை மாலை செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் தாளில் எழுதுகிறாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் செல்கிறாள். அவளுடைய ஆயத்தம் இன்றுதான் உண்மையில் தொடங்கியிருக்கிறது.